கல்லாவில் பணம் எங்கே?

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரிடமாவது நாள் பாடத்திட்டப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தின் அடியில் 'சிந்தனை மீட்சி' என்றொரு கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: '30 மாணவர்களில் 25 பேர் இன்றைய பாடத்தின் நோக்கத்தை அடைந்தனர். எஞ்சிய 5 பேருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது.' திங்கட்கிழமையும் அதுதான், வியாழக்கிழமையும் அதுதான். எண்கள் மட்டும் சற்று இடம் மாறும். என் அக்காள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வாக்கியத்தை எழுதி வருகிறார். "அந்த ஐந்து பேர் யார் அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். "பெயர் எழுதுவதற்குக் கட்டத்தில் இடம் ஏது?" என்றார்.

கல்லூரி விரிவுரையாளர்களான எங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி இல்லை. எங்களிடமும் அதே வாக்கியம் இருக்கிறது. எக்செல் அட்டவணையில் வண்ணம் பூசி, சிலந்தி வலை போன்ற வரைபடத்தோடு இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. பருவ முடிவில் 'இப்பாடத்தின் மூன்று கற்றல் பேறுகளும் எட்டப்பட்டன' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்க்கிறோம். கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. பாடத்திட்டம் போட்டது போட்டபடி கிடக்கிறது.

கற்றல் பேறு என்ற கருத்து எதற்காகப் பிறந்ததோ அதற்கு நேர்மாறான நிலை இது. ஆசிரியர் எதை நடத்தினார் என்று கேட்பதை விட்டுவிட்டு, பாடம் முடிந்து வெளியே வரும் மாணவரால் எதைச் செய்ய முடிகிறது என்று கேட்பதுதான் அதன் உயிர். 1949-இல் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் பாடத்திட்டம் வகுப்போருக்கு நான்கு கேள்விகளை வைத்தார். நோக்கம் என்ன, அதற்கு என்ன கற்றல் அனுபவம் தேவை, அதை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது. நான்காவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குத் திரும்பிப் போய் அதைத் திருத்த வேண்டும். 1956-இல் பெஞ்சமின் புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் சிந்தனைத் திறன்களை ஆறு படிகளாக அடுக்கினர். அந்த ஆறு படிதான் இன்று எங்கள் கேள்வித்தாள்களின் ஓரத்தில் சி1, சி2 என்று தொடங்கி சி6 வரை நிற்கிறது. பின்னர் வில்லியம் ஸ்பேடி 'விளைவை அடிப்படையாகக் கொண்ட கல்வி' என்ற கொடியைப் பிடித்தார். ஜான் பிக்ஸ் 1996-இல், பேறும் கற்பித்தலும் மதிப்பீடும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும் என்று எழுதினார். மாணவர்கள் கையேட்டைப் பார்த்துப் படிப்பதில்லை, தேர்வில் எது வரும் என்று பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்ற எளிய உண்மையிலிருந்து அவர் தொடங்கினார். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் மாணவராக இருந்தவர்கள்தாம், இதற்குச் சான்று வேண்டியதில்லை.

மலேசியாவுக்கு இது தர உறுதி என்ற வாசல் வழியாக வந்தது. தனியார் கல்லூரிகள் பெருகிய தொண்ணூறுகளில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய அங்கீகார வாரியம் அமைந்தது. மலாய்ப் பெயரின் சுருக்கமான 'லான்' என்ற சொல்லைப் பழைய கல்லூரிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 2007-இல் அதன் இடத்துக்கு எம்.க்யூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மை வந்தது. சான்றிதழிலிருந்து முனைவர் பட்டம் வரை எட்டு நிலைகள் கொண்ட தேசியத் தகுதிக் கட்டமைப்பை அது நடைமுறைப்படுத்துகிறது. டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலை ஆறாம் நிலை. தொடக்கத்தில் கற்றல் பேறுகளை எட்டுத் துறைகளாகப் பிரித்திருந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு அவற்றை ஐந்து தொகுதிகளாக மாற்றி அமைத்தது: அறிவும் புரிதலும், சிந்தனைத் திறன், வேலைக்கான செயல்திறன்கள், தனிமனித மற்றும் தொழில்முனைவுத் திறன், நெறியும் தொழில் பண்பும். தகவல் தொடர்பு, கணினித் திறன், எண் திறன், தலைமைத்துவம் எல்லாம் மூன்றாவது தொகுதிக்குள் அடக்கம்.

பொறியியல் துறைக்கு அழுத்தம் கூடுதல். மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தைப் பிற உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொள்வதற்கு அதுவே வழி. அதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு பட்டதாரியும் குறிப்பிட்ட பண்புகளை அடைந்தார் என்பதற்கான சான்றைக் காட்டும் கடமை. ஆக, கற்றல் பேறு நம் கல்லூரிகளுக்குள் நுழைந்தபோதே தணிக்கையாளரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது. பின்னால் வந்த பல கோளாறுகளுக்கு இதையே வேர் என்று நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து வரும் ஒருவருக்குக் காட்டுவதற்காக அளக்கத் தொடங்கினால், நமக்குத் தெரிய வேண்டியதை அளக்கும் எண்ணம் மெல்ல உலர்ந்துவிடும்.

இந்தப் பேறுகளின் ஏணி எப்படி அமைந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்படியில், படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் கழித்துப் பட்டதாரி எப்படி இருப்பார் என்ற குறிக்கோள். நடுப்படியில், படிப்பு முடியும் நாளில் அவரால் செய்ய முடிய வேண்டியவை. இதை பி.எல்.ஓ. என்கிறோம். கீழ்ப்படியில் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று நான்கு பேறுகள், சி.எல்.ஓ. கீழ்ப்படியை நடுப்படியோடு கோடு போட்டு இணைக்கும் அட்டவணை ஒன்று, எந்தப் பேறு எந்தத் தேர்வில் சோதிக்கப்படுகிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று. இவற்றோடு மாணவரின் நேரக் கணக்கும் உண்டு. இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி வீதம் 14 வாரம் விரிவுரை என்றால் அதில் 42 மணிதான் தீரும். மீதி 78 மணி நேரம் மாணவர் தானாகவோ குழுவாகவோ எதையாவது செய்து கற்க வேண்டும். அந்த 78 மணியில் என்ன நடக்கிறது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

நன்னூலில் பவணந்தி முனிவர் இதே கணக்கை வேறு விதமாகப் போட்டிருக்கிறார். ஆசான் உரைத்ததை நன்றாக உள்வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்விதின் எடுத்து உரைக்கும்போதுதான் வந்து சேரும். இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது நூலகத்தில் இல்லை, செந்தூலில் ஒரு மளிகைக்கடையில்.

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். இறுதிப் பருவத்தில் மாணவர்கள் ஒரு சிறு வணிகத்தின் கணக்கை எடுத்துத் தயாரித்துத் தரவேண்டும். ஓர் ஆண்டு ஒரு மாணவியின் செயல்திட்டத்தைப் பார்க்க அவளோடு கடைக்குப் போயிருந்தேன். தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் இருந்தது. நடைபாதை வரை மாவு மூட்டையும் எண்ணெய் டின்னுமாக அடுக்கியிருந்தார்கள். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அவள் தயாரித்திருந்த கணக்கு சுத்தமாக இருந்தது. மாத விற்பனை 30,000 ரிங்கிட். விற்ற சரக்கின் அடக்கவிலை 21,000. செலவுகள் 5,000. நிகர லாபம் 4,000. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு கல்லாப்பெட்டியை இழுத்துக் காட்டினார்.

"லாபம் நாலாயிரம் வெள்ளி என்று எழுதியிருக்கிறாய் பாப்பா. இந்த மாதம் நான் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாலாயிரம் எங்கே?"

அவள் மூன்று கணக்கியல் பாடங்களிலும் ஏ வாங்கியவள். "அங்கிள், லாபம் என்பது வருமானத்துக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று தொடங்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தெரியும் பாப்பா, பணம் எங்கே?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாவு மூட்டையைப் பார்த்தேன்.

விடை அவள் கோப்பிலேயே இருந்தது. மூன்று பக்கம் தள்ளி ரொக்க ஓட்ட அறிக்கை. லாபம் 4,000. கடனுக்கு விற்று இன்னும் வசூலாகாதது 3,000, கழிக்க. கூடுதலாக வாங்கி அடுக்கிய சரக்கு 2,500, கழிக்க. வேன் கடனில் அடைத்த அசல் 1,200, கழிக்க. மிச்சம் 2,700 ரிங்கிட் பற்றாக்குறை. ஒரு காசு பிசகாமல் போட்டிருந்தாள். தான் போட்ட கணக்கே அவர் கேட்ட கேள்விக்கு விடை என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. 'கடனாளிகள் கூடினால் கழி, சரக்கிருப்பு கூடினால் கழி' என்ற வாய்பாடாகவே அந்த அறிக்கை அவளுக்குள் போயிருக்கிறது. கழிப்பது ஏன் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அதாவது, நான் கேட்டதில்லை.

கல்லூரிக்குத் திரும்பிப் பாடக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கற்றல் பேறு அச்சில் பளிச்சென்று இருந்தது: 'நிதி அறிக்கைகளைக் கணக்கியல் அறியாத ஒருவருக்கு விளக்குதல்.' அதன் அடைவுநிலைக் கட்டத்தில் பச்சை வண்ணம். கிட்டத்தட்ட எல்லோரும் தேறியிருந்தார்கள். எப்படித் தேறினார்கள்? வகுப்பில் ஐந்து நிமிடம் திரையில் பட வில்லைகளை (ஸ்லைடு) போட்டுப் பேசினார்கள். கேட்டவர்கள் சக மாணவர்கள், அதாவது கணக்கியல் அறிந்தவர்கள். புள்ளியிடும் அளவுகோல் அட்டவணையான ரூப்ரிக்கில் குரல் தெளிவு, கேட்பவரைப் பார்த்துப் பேசுதல், வில்லையின் வடிவமைப்பு, நேரக் கட்டுப்பாடு என நான்கு வரிசை. எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா என்று ஒரு வரிசை இல்லை. அந்த ரூப்ரிக்கை எழுதியவன் நான்தான்.

'விளக்குதல்' என்ற வினைச்சொல்லைப் பேறாக எழுதி வைத்துவிட்டு, 'பேசுதல்' என்ற வேறொரு வினையை அளந்திருக்கிறோம். கற்றல் பேற்றில் வினைச்சொல்தான் எல்லாம். 'புரிந்துகொள்ளுதல்' என்று எழுதினால் அளக்க முடியாது என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிச் சொல்லி, எங்களிடம் அச்சிட்ட வினைச்சொல் பட்டியலே கொடுத்துவிட்டார்கள். விளைவு, விரிவுரையாளர்கள் பட்டியலைப் பார்த்துப் பெரிய வினையாகப் பொறுக்கி எடுக்கிறோம். 'பகுப்பாய்தல்' என்று கையேட்டில் நிற்கும். தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்போம். ஓரத்தில் சி4 என்று முத்திரை குத்திவிட்டால் நினைவாற்றல் கேள்வி பகுப்பாய்வுக் கேள்வி ஆகிவிடுமா?

துறைக் கூட்டத்தில் கடைக்காரர் கேள்வியைச் சொன்னபோது முதலில் வந்த பதில், "அது மொழிப் பிரச்சினை." பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, அவளால் அதைத் தமிழில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் என்றார் ஒருவர். இது சும்மா தள்ளிவிடக்கூடிய ஐயம் இல்லை. நம் மாணவர்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு, பிறகு ஆங்கிலவழிக் கல்லூரி என்று மூன்று மொழிப் படகுகளில் மாறி மாறி ஏறி வருகிறார்கள். ஒரு தேர்வு உண்மையில் கணக்கியலை அளக்கிறதா, ஆங்கிலத்தை அளக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் அடைவுநிலை பேசுவது வீண். அதனால் ஒரு சிறு சோதனை செய்தோம். அதே கேள்வியை ஏழெட்டு மாணவர்களிடம் கொடுத்து, எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்றோம். ஆங்கிலத்தில் சொன்னவர்களும் வரையறையைத்தான் ஒப்பித்தார்கள். மலாயிலும் அப்படியே. ஒரே ஒரு பையன் தட்டுத் தடுமாறித் தமிழில், "கடனுக்குக் கொடுத்தது நோட்டில் இருக்கும் சார், கல்லாவில் இருக்காது" என்றான். அவன் அப்பா பத்து கேவ்ஸ் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார். அவன் எங்கள் தேர்வில் சி வாங்கியவன்.

சி வாங்கியவனுக்குத் தெரிந்தது ஏ வாங்கியவளுக்குத் தெரியவில்லை என்றால், எங்கள் புள்ளிகள் வேறெதையோ அளந்துகொண்டிருந்தன என்றுதான் பொருள். முந்தைய பருவத்தின் விடைத்தாள்களில் இருபதை எடுத்து நானும் இன்னொரு விரிவுரையாளரும் சேர்ந்து வாசித்தோம். திருத்தவில்லை, வாசித்தோம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. திருத்தும்போது கை புள்ளியைத் தேடும். வாசிக்கும்போது அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன ஓடியது என்று தேடுகிறோம். ரொக்க ஓட்டக் கேள்விக்கு 20 புள்ளி. அதில் கணக்குக்கு 17, 'லாபம் இருந்தும் ரொக்கம் குறைந்தது ஏன்' என்ற கடைசிப் பிரிவுக்கு 3. பலர் அந்தப் பிரிவைத் தொடவே இல்லை. தொட்டவர்கள் பாடநூல் வரையறையை எழுதியிருந்தார்கள். ஆனால் கணக்குப் பகுதியில் 13, 14 என்று வாங்கியதால் மொத்தக் கேள்வியும் 'எட்டப்பட்டது' என்றாகிவிட்டது.

சராசரி செய்யும் சதி இதுதான். பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பேற்றில் பாதிப் புள்ளியாவது எடுத்தால் பேறு எட்டப்பட்டது என்பது போன்ற ஒரு வரம்பு. ஐம்பது மாணவர் வகுப்பில் 25 பேர் தோற்றாலும் கட்டம் பச்சையாகும். தேறிய 25 பேரும் கேள்வியின் முக்கியமான பகுதியை வெற்றிடமாக விட்டிருந்தாலும் பச்சையாகும். பாடங்களின் பச்சைகளைக் கூட்டிச் சராசரி எடுத்துப் பட்டப்படிப்பின் பச்சை கிடைக்கிறது. எதிலும் சிவப்பு விழாதபோது எதை மாற்றுவது? ஆகவே 'மேம்பாட்டு நடவடிக்கை' என்ற கட்டத்தில் 'கூடுதல் பயிற்சிகள் வழங்கப்படும்' என்று எழுதுகிறோம். என் அக்காளின் 'குறைநீக்கல் நடவடிக்கை' பட்டம் வாங்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

பினாங்கில் பொறியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சொன்னது இன்னும் வேடிக்கை. பாயான் லெப்பாஸில் 1972 முதல் தொழிற்பேட்டை இயங்குகிறது. அங்கே போய்ச் சேரும் பட்டதாரிகளைப் பற்றி ஆலைக்காரர்கள் ஆலோசனைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை, குழுவாக வேலை செய்யத் தெரியவில்லை என்பது. கல்லூரியின் கோப்பிலோ குழுச்செயல்பாடுதான் எல்லாப் பேறுகளிலும் உச்சத்தில் நிற்கிறது. காரணத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதிய அறிக்கைக்கு ஒரே புள்ளி. அந்தப் புள்ளியே ஐந்து பேரின் குழுத் திறனாகவும் பதிவாகியிருக்கிறது. ஒருத்தி இரவெல்லாம் விழித்து முழுவதையும் எழுதி, மற்ற நால்வர் பெயர் மட்டும் சேர்த்த குழுவுக்கு அதிகப் புள்ளி. ஐவரும் சண்டையிட்டு, சமாதானமாகி, வேலையைப் பங்கிட்டுச் சுமாரான அறிக்கை கொடுத்த குழுவுக்குக் குறைந்த புள்ளி. எந்தக் குழுவில் குழுவேலை நடந்தது? அறிக்கையைத் திருத்தினால் இது தெரியவே தெரியாது. கூட்டக் குறிப்புகள், யார் எந்தப் பகுதியை எப்போது மாற்றினார் என்ற பதிவு, ஒருவரை ஒருவர் மதிப்பிட்ட தாள், நடுவில் ஒருமுறை தனித்தனியாகக் கேட்கும் பத்து நிமிடக் கேள்விகள் என்று வேறு சான்றுகளைத் தேட வேண்டும்.

தமிழ் இலக்கியப் பாடத்திலும் இதே கதை நடக்கிறது. 'சங்கப் பாடலை வாசித்துப் பொருள் உணர்தல்' பேறு. தேர்வில் வருவது வகுப்பில் நடத்திய செம்புலப் பெயல்நீர்ப் பாடல். மாணவர் எழுதுவது விரிவுரையாளர் சொன்ன உரை. வாசித்தது யார்? இதுவரை பார்க்காத ஒரு குறுந்தொகைப் பாடலை அருஞ்சொற்பொருளோடு கொடுத்து, தோழி ஏன் இதைச் சொல்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும், பேறு எந்த உயரத்தில் நிற்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்படிக் கேட்டால் தேர்ச்சி விழுக்காடு இறங்கிவிடுமே என்ற அச்சம்தான் தடுக்கிறது. அச்சம் நியாயமானது. தேர்ச்சி இறங்கினால் விரிவுரையாளரைத்தான் அழைத்துக் கேட்பார்கள்.

சான்றுகளில் நேரடிச் சான்று, மறைமுகச் சான்று என்று இரு வகை சொல்வார்கள். விடைத்தாள், செயல்முறை, கடைக்காரருக்குச் சொன்ன விளக்கம் ஆகியவை நேரடி. 'இப்பாடம் என் திறனை வளர்த்தது' என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடும் படிவம் மறைமுகம். பட்டமளிப்பு விழாவையொட்டிப் பட்டதாரிகள் நிரப்பும் உயர்கல்வி அமைச்சின் தடமறியும் ஆய்வும் மறைமுகம்தான். வேலை கிடைத்ததா, எத்தகைய வேலை என்று அது நன்றாகச் சொல்லும். எந்தப் பாடத்தின் எந்த வாரத்தில் கோளாறு என்று அது சொல்லாது. படிவம் எளிதாக எண்ணாக மாறுவதால் நாங்கள் அதில் சாய்ந்துவிடுகிறோம்.

வெளியாரைக் கொண்டு அளப்பது புதுமையும் இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அல்வெர்னோ என்ற மகளிர் கல்லூரி 1973-இல் தன் பாடத்திட்டத்தையே திறன்களின் அடிப்படையில் திருப்பி அமைத்தது. அந்தத் திட்டத்தில் மாணவியருக்கு ஏ, பி என்ற தரநிலை கொடுக்கப்படவில்லை. ஊரிலிருந்து பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வந்து மாணவியரின் செயல்பாட்டைக் கவனித்து மதிப்பிடுவதும் உண்டு. எங்கள் செந்தூல் கடைக்காரர் பயிற்சி இல்லாமலே அந்த வேலையைச் செய்தார்.

சரி, பிறகு என்ன மாற்றினோம்? ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போடவில்லை. பெரிய மாற்றம் என்றால் எம்.க்யூ.ஏ. வரை கடிதம் போக வேண்டும், அது தனிப் பயணம். கேள்வித்தாளில் 'ஏன்' என்ற பிரிவைத் தனிக் கேள்வியாக்கி, அதற்குத் தனிப் பேறு எண் கொடுத்தோம். இனி அதன் புள்ளி கணக்கின் புள்ளிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. ரொக்க ஓட்ட அறிக்கையில் ஒவ்வொரு கழித்தலுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும், கடைக்காரருக்குச் சொல்வது போல. வகுப்புப் பேச்சை எடுத்துவிட்டு, கடைக்குப் போய்ச் சொல்வதை வைத்தோம். கடைக்காரர் தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதைக் குரல் பதிவாக எடுத்துவர வேண்டும். ரூப்ரிக்கின் முதல் வரிசை இப்போது அதுதான்.

இவை எல்லாம் மதிப்பீட்டில் செய்த மாற்றம். பாடத்திட்டத்தில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று, அதற்குத்தான் சண்டை. லாபமும் ரொக்கமும் வேறு வேறு என்ற பேச்சு முதல் பருவத்தின் இரண்டாவது வாரத்திலேயே வர வேண்டும் என்று கேட்டோம். அதுவரை அது மூன்றாம் பருவத்தின் கடைசியில், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. முன்னால் கொண்டுவர வேண்டுமானால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும். கூட்டு நிறுவனத்தைக் கலைக்கும் கணக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கலாம் என்றோம். அதைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வரும் மூத்தவர் எழுந்து, "இது இல்லாமல் கணக்கியல் டிப்ளோமாவா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. பாடத்திட்டக் கூட்டங்களில் ஒவ்வொரு தலைப்புக்குப் பின்னாலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பகுதிநேர விரிவுரையாளர்களின் சம்பள மணிக்கணக்கும் உட்கார்ந்திருக்கிறது. கற்றல் பேறு பற்றிய கையேடுகள் இதைச் சொல்வதில்லை.

அவரை மசிய வைத்தது எங்கள் வாதம் அன்று. வாசித்த இருபது விடைத்தாள்களில் ஐந்தை அவர் மேசையில் வைத்து, கடைசிப் பிரிவை மட்டும் பாருங்கள் ஐயா என்றேன். மறுநாள் வந்து, "என் பாடத்தை ஒரு வாரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விடமாட்டேன்" என்றார். வண்ண வரைபடம் எத்தனை காட்டியிருந்தாலும் அந்த ஒரு வாரம் கிடைத்திருக்காது. ஒரு பிள்ளை எழுதிய தவறான நான்கு வரியை ஆசிரியர் தன் கண்ணால் வாசித்தால் மறுக்க முடிவதில்லை.

இப்போது முதல் பருவ இரண்டாவது வாரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வகுப்புக்குப் போகிறேன். உள்ளே கொஞ்சம் சில்லறை. ஒரு மாணவர் கடைக்காரர், ஒருவர் கடனுக்கு வாங்குபவர், ஒருவர் மொத்த வியாபாரி. அரை மணி நேரத்தில் நோட்டில் லாபம் ஏறி டின் காலியாகும். சத்தம் அடுத்த வகுப்பு வரை கேட்கிறது என்று புகார் வந்திருக்கிறது.

மாற்றத்துக்குப் பின் வந்த முதல் அணியின் குரல் பதிவுகளைச் சென்ற மாதம் கேட்டு முடித்தோம். கடனுக்கு விற்றது கல்லாவுக்கு வராது என்பதை ஏறக்குறைய எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், சிலர் அழகாகவே. கடைக்காரர்களும் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார்கள். சரக்கு விஷயத்தில்தான் தடுமாற்றம். வாங்கி அடுக்கிய சரக்குக்குப் பணம் போயிருக்கிறது, ஆனால் விற்காத வரை அது செலவுக் கணக்கில் ஏறாது என்ற இடத்தில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஒரு பதிவில் கடைக்காரர் ஒருவர், "அப்படியென்றால் அந்த மூட்டையும் லாபமா?" என்று கேட்கிறார். மாணவன் "ஆமாம் அங்கிள்" என்கிறான்.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். பதிவையும் ஒலிபெருக்கியையும் கொண்டுபோகிறேன். கூட்டு நிறுவனக் கலைப்பின் மிச்சமிருக்கும் அந்த ஒரு வாரத்தைப் பற்றி மூத்தவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.